கரண்டு திரும்பும்போது போகும் ஃபியூஸ்

நாகர்கோவில் வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

ஐப்பசி இடிமழை தொடங்கிவிட்டால் குளச்சல், முட்டம் பக்கமெல்லாம் கரண்டு போவதும் வருவதுமாகவே இருக்கும். அந்த நாட்களில் டிவி, செட்டாப் பாக்ஸ் ஃபியூஸ்கள் பலவும் போவது கரண்டு திரும்பி வரும் கணத்தில்தான்.

செட்டுக்குக் கரண்டைப் பக்குவப்படுத்தித் தரும் சப்ளை போர்டில், மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பெரிய கெப்பாசிட்டர் ஒன்று உண்டு. அது காலியாக இருக்கும்போது ஷார்ட் போலவே, தடையில்லாமல் கரண்டை இழுக்கும். வீட்டு 230 வோல்ட் ஏ.சி. அலையின் உச்சம் 325 வோல்ட். வழியில் 2 ஓம் தடைதான் உண்டென்றால் ஒரு கணம் 160 ஆம்பியர் பாயும். ஓடும்போது ஒரு ஆம்பியர்கூட எடுக்காத போர்டில்! இதை அடக்கவே ஃபியூஸுக்குப் பக்கத்தில் வில்லை போன்ற என்.டி.சி. தெர்மிஸ்டர் வைக்கிறார்கள். 5 ஓம் தெர்மிஸ்டர் சேர்ந்தால் பாய்ச்சல் 46 ஆம்பியருக்கு இறங்கும். பிறகு அது சூடேறி, தடை குறைந்து, வழிவிடும்.

சிக்கலும் அந்தச் சூட்டில்தான். போன கரண்டு சில நொடியில் திரும்பினால் கெப்பாசிட்டர் இறங்கியிருக்கும், தெர்மிஸ்டர் ஆறியிருக்காது; தடை குறைந்தே இருப்பதால் பாய்ச்சலை அடக்க முடியாது. எனவே கரண்டு போனதும் பிளக்கைப் பிடுங்குங்கள். வந்து நிலைத்து இரண்டு நிமிடம் கழித்துப் போடுங்கள்.

போன ஃபியூஸின் கண்ணாடியைப் பாருங்கள். தெளிவாக இருந்து கம்பி மட்டும் அறுந்திருந்தால், பெரும்பாலும் பலமுறை பாய்ச்சல் தாங்கிக் களைத்தது. உள்ளே கறுத்திருந்தால் ஷார்ட்: ஏ.சி.யை டி.சி.யாக்கும் பிரிட்ஜ் டயோடு, ஸ்விட்ச் போல வேலை செய்யும் மாஸ்ஃபெட், மிகை வோல்ட்டேஜிலிருந்து காக்கும் எம்.ஓ.வி. மூன்றையும் மீட்டரில் சோதிக்க வேண்டும். கடலோர வீடுகளில் ஃபியூஸ் கிளிப்பையும் பாருங்கள். உப்புக்காற்றில் பச்சை பிடித்த கிளிப் சூடேறியே ஃபியூஸைக் கொல்லும்.

மாற்றுவது அதே ஆம்பியரில், கணநேரப் பாய்ச்சலைத் தாங்கும் 'டைம் லேக்' வகையாக இருக்கட்டும். 'ஃபாஸ்ட்' வகை முதல் பாய்ச்சலிலேயே போய்விடலாம். செராமிக் இருந்த இடத்தில் கண்ணாடி வேண்டாம். பெரிய ஷார்ட்டில் அது வெடித்துச் சிதறும். செம்புக்கம்பி சுற்றினால் அடுத்த ஷார்ட்டில் எரிவது போர்டுதான்.

471 என்று பொறித்த எம்.ஓ.வி. 300 வோல்ட் ஏ.சி. வரைதான் தாங்கும். நியூட்ரல் அறுந்து 400 வோல்ட் ஏறினால் தானே ஷார்ட்டாகி ஃபியூஸைப் பறித்து, போர்டைக் காப்பாற்றும். அதை வெட்டி எறிந்துவிட்டு செட்டை ஓட்டித் தருவோர் உண்டு; புதியது போடச் சொல்லுங்கள்.

ரிப்பேர் செய்பவர்களுக்கு: முதலில் கெப்பாசிட்டரில் நிற்கும் 300 வோல்ட்டை 100 வாட் குண்டு பல்பு வழியாக இறக்குங்கள். வேலை முடிந்ததும் அதே பல்பை சீரிஸில், அதாவது கரண்டு பல்பு வழியாகவே செட்டுக்குப் போகும்படி போட்டு, செட்டை ஆன் செய்யுங்கள். பளிச்சென்று மின்னி மங்கினால் கரண்டை நேரடியாகக் கொடுக்கலாம். மங்காமல் எரிந்தால் ஷார்ட் இன்னும் உள்ளே இருக்கிறது.