டி.சி. கொடுத்தால் தீருமா?

(தங்கச்சிமடத்தில் சித்திரை மாத மாலைக் கூட்டம் ஒன்றில் பேசியது)

தலைமை தாங்கும் முன்னாள் ஊராட்சித் தலைவர் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, பாம்பனிலிருந்து மெனக்கெட்டு வந்திருக்கும் ஜமாத் தலைவர் அவர்களே, விசைப்படகு சங்கச் செயலாளர் அவர்களே, நாட்டுப்படகு சங்கத் தலைவர் அவர்களே, (இவர்கள் இருவரையும் ஒரே மேடையில் உட்கார வைத்ததற்கே விழாக் குழுவுக்குத் தனி நன்றி சொல்ல வேண்டும்), செவிலியர் சகோதரி அவர்களே, என்னிடம் உதை வாங்காமல் படித்த மாணவர்களே, முன்வரிசையை மொத்தமாகப் பிடித்துவிட்ட தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம். பொன்னாடைக்கு நன்றி. அடுத்த முறை துண்டு போதும், வீட்டில் பீரோ நிறைந்துவிட்டது.

ஏப்ரல் 15இல் தடைக்காலம் தொடங்கிவிட்டது. ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. அப்பா வீட்டில், கையில் காசு கிடையாது, நடுவில் மே மாதம் பரீட்சை முடிவு. கூட்டத்தை இப்போதே வைக்கச் சொல்லி நான் நச்சரித்தது அதனால்தான்.

மூன்று விஷயம் பேச வந்திருக்கிறேன். தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்ட பிள்ளையை ஆஸ்பத்திரியில் எப்படி விசாரிப்பது, வீட்டில் எப்படி வைத்துக்கொள்வது, பள்ளிக்கு எப்படித் திருப்பி அனுப்புவது. மூன்றுக்கும் நான் சொல்வது ஒரே பழமொழிதான். என்னிடம் படித்தவர்கள் இப்போதே சிரிக்கிறார்கள், பாருங்கள். பதறாத காரியம் சிதறாது.

முதலில் ஆஸ்பத்திரி. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து பிள்ளையை வீட்டிலேயே வைத்திருக்காதீர்கள். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆவது பிரிவும் 2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் சட்டத்தில் இல்லை. காவல் நிலையத்துக்குத் தகவல் போகலாம். அது பிள்ளை மேல் போடும் வழக்கு அல்ல.

உடம்புக்கு வைத்தியம் முடிந்ததும் சீட்டு எழுதி அனுப்பிவிடுகிறார்கள். மனசை யார் பார்ப்பது? இங்கிலாந்தில் 'நைஸ்' என்ற அமைப்பு 2022இல் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. மதிப்பெண் போடும் படிவங்களை வைத்து, இந்தப் பிள்ளை மறுபடி செய்யும், அந்தப் பிள்ளை செய்யாது என்று கணிக்காதே என்கிறது அது. பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுகிற மாதிரி பிள்ளைக்கு ஒன்றாம் எண், மூன்றாம் எண் என்று ஏற்ற முடியாது. உட்கார்ந்து பேச வேண்டும். வீட்டில் என்ன, பள்ளியில் என்ன, போனில் என்ன, யாரிடம் மனம்விட்டுப் பேசுவாய் என்று கேட்க வேண்டும். பெற்றோர் கொஞ்ச நேரம் வெளியே நின்றால்தான் சில பதில்கள் வரும். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைக்காது. எல்லாப் பிள்ளையும் சாக நினைத்துச் செய்வதில்லை. வேதனை தாங்காமல் செய்கிறவர்களும் உண்டு. அதற்காக "சும்மா மிரட்டுது" என்று விட்டுவிடவும் கூடாது.

இரண்டாவது, வீடு. இதற்கு ஓர் அப்பத்தா கதை. ஊர் சொல்ல மாட்டேன், கேட்காதீர்கள். பத்தாம் வகுப்புப் பெண் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்புகிறாள். மறுநாள் காலையிலிருந்து ரொட்டியும் ஹார்லிக்ஸுமாகக் கூட்டம். வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்வி, "ஏன்டி இப்படிப் பண்ணின?" ஓர் அத்தை அழுதே காட்டினார். இன்னொருவர் வேறு யாரோ செத்த கதையை விலாவாரியாகச் சொன்னார். பார்த்துக்கொண்டே இருந்த அப்பத்தா, முக்காலியைத் தூக்கி வாசலில் போட்டு உட்கார்ந்தார். அடுத்து வந்தவரிடம், "பிள்ளைக்கு மஞ்சக்காமாலை. உள்ள போகாதே" என்றார். கூட்டம் வாசலோடு திரும்பியது. ஆனால் நம் ஊர் சும்மா விடுமா? சாயங்காலத்துக்குள் ஆளுக்கொரு கட்டு கீழாநெல்லி! திண்ணை முழுக்கக் கீழாநெல்லி. ஒருவர் மோருடன் அரைத்தே கொண்டுவந்துவிட்டார். அப்பத்தா மறுக்க முடியாமல் அவர் முன்னாலேயே வாங்கித் தானே குடித்து, முகத்தைச் சுளித்து, "நல்லாருக்கு" என்றாராம். உள்ளே கட்டிலில் இருந்த பெண் சிரித்துவிட்டாள். ஒரு வாரத்துக்கு அப்புறம் வந்த முதல் சிரிப்பு. அப்பத்தா அன்றும் எதுவும் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கருவாடு பொறுக்கிக்கொண்டிருந்தார். ராத்திரி பெண் தானாகவே ஆரம்பித்தாள். பொய் சொன்னது சரியா என்று இங்கே ஒரு தம்பி கேட்டார். அந்த வாரத்துக்குச் சரிதான் தம்பி. அவள் கதையை யாரிடம் சொல்வது என்பது அவள் முடிவு. பதறாத காரியம் சிதறாது.

தலைவர் துண்டுச்சீட்டு அனுப்புகிறார். ஐயா, ஐந்தே நிமிடம். வீட்டைப் பற்றிச் சொல்ல இன்னும் நிறைய உண்டு. ஆபத்தானதைக் கைக்கெட்டும் இடத்தில் வைக்காதீர்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். மற்றதைச் செவிலியர் சகோதரியிடம் கேளுங்கள்.

நான் வந்ததே மூன்றாவதற்குத்தான். அதே பெண் இரண்டு வாரம் கழித்துப் பள்ளிக்குப் போனாள். பெயர் வேண்டாம், ஒரு பள்ளி. "மற்ற பிள்ளைகள் கெட்டுப்போகும், டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார்கள். முப்பது வருடம் ஹெட்மாஸ்டர் நாற்காலிக்குப் பக்கத்திலும் அதன் மேலும் இருந்தவன் சொல்கிறேன், இது கோழைத்தனம். எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் வெளியேற்றக் கூடாது என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. ஒன்பதாவதிலிருந்து அந்தப் பாதுகாப்பு இல்லை. பரீட்சைப் பயம் கூடும் வயதில்தான் சட்டம் கையை விடுகிறது.

2008இல் ஓர் ஆய்வு வந்தது. உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் செய்தது, நம் சென்னையிலும் நடந்தது. தற்கொலைக்கு முயன்று ஆஸ்பத்திரிக்கு வந்த 1,867 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பாதிக்கு ஒரு மணி நேரப் பேச்சு, அப்புறம் பதினெட்டு மாதத்தில் ஒன்பது முறை போனிலோ நேரிலோ விசாரிப்பு. அவர்களில் தற்கொலையால் இறந்தவர் 0.2 சதவீதம். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 சதவீதம். பெரிய மருந்து இல்லை, மறக்காமல் விசாரித்தார்கள், அவ்வளவுதான். பிள்ளையைத் தினமும் பார்க்கிற இடம் பள்ளி. டி.சி. கொடுத்தால் அந்தக் கண்ணையே பிடுங்கிப் போடுகிறீர்கள்.

ஒதுக்கி வைப்பதன் விலை இந்த மாவட்டத்துக்குத் தெரியும். 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி மனநலக் காப்பகம். சங்கிலியில் கிடந்த 28 பேர் தீயில் போனார்கள்.

ஆகவே மே 1 கிராமசபையில் ஒரு தீர்மானம். தன்னைக் காயப்படுத்திக்கொண்ட எந்தப் பிள்ளைக்கும் அதைக் காரணமாக வைத்து டி.சி. கொடுக்கக் கூடாது, திரும்பி வரும்போது விசாரித்துப் பார்த்துக்கொள்ள ஓர் ஆசிரியரைப் பொறுப்பாக்க வேண்டும். நகல் கலெக்டருக்கும் முதன்மைக் கல்வி அலுவலருக்கும் போக வேண்டும். வாசகத்தை எழுதி வைத்திருக்கிறேன், வாசலில் தம்பிகளிடம் இருக்கிறது. தடைக்காலம்தானே, ஆண்களும் வாருங்கள். இரண்டு சங்கமும் சேர்ந்து வந்தால் நல்லது. அதுவரை யாருக்காவது அவசரம் என்றால் மனநல உதவிக்கு 14416, பிள்ளைகளுக்கு 1098. இரண்டும் இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள்.

நன்றி, வணக்கம்.