தேன்ல ஆன்டிபயாடிக், நச்சு: எந்த டெஸ்டைக் கேட்டு வாங்கணும்? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

அடுத்த கேள்வி பண்ருட்டிலேர்ந்து. முந்திரித் தோப்புல பெட்டி வெச்சு எடுக்கிற தேனை வாங்கி, புதுச்சேரியில பாட்டில் போட்டு விக்கிறாங்களாம். "ஏற்றுமதிக்காரர் ஆன்டிபயாடிக், நச்சு ரெண்டுக்கும் ரிப்போர்ட் கேக்கறார். தண்ணியில விட்டுப் பாத்தாச்சு, தீக்குச்சியில தொட்டுக் கொளுத்தியும் பாத்தாச்சு, போதாதா?"ங்கறாங்க.

போதாதுங்க. தீக்குச்சி எரியறது ஈரப்பதத்தைப் பொறுத்தது. சர்க்கரைப் பாகைக்கூட அதுல ஒழுங்காப் பிடிக்க முடியாது. நாம தேடறது மைக்ரோகிராம் கணக்கு. குளோரம்பெனிகால்ங்கிற ஆன்டிபயாடிக்குக்கு ஐரோப்பிய யூனியன் வெச்சிருக்கிற எல்லை கிலோவுக்கு 0.15 மைக்ரோகிராம். தாண்டினா சரக்கை உள்ளே விடமாட்டாங்க. அதுக்கு எல்.சி.எம்.எஸ்.எம்.எஸ். (கலந்திருக்கிறதைப் பிரிச்சு, மூலக்கூறு எடையை வெச்சு அடையாளம் காட்டற) மெஷின்தான் வேணும்.

லேப்ல போய் மொட்டையா "ஆன்டிபயாடிக் டெஸ்ட்"னு கேக்காதீங்க. குளோரம்பெனிகால், நைட்ரோஃபியூரான், டெட்ராசைக்ளின், சல்ஃபா, ஸ்ட்ரெப்டோமைசின்னு பேர் பேரா எழுதிக் கொடுங்க. ஏன்னா ஒவ்வொண்ணுக்கும் பக்குவம் வேற. சல்ஃபா மருந்து தேன்ல சர்க்கரையோட ஒட்டிக்கும். ஆசிட் போட்டுப் பிரிக்கலேன்னா, இருக்கிறது இல்லேன்னு வந்துடும். நைட்ரோஃபியூரானுக்கு நைட்ரோபென்சால்டிஹைடு சேர்த்து 37 டிகிரியில ராத்திரி முழுக்க வெக்கிறதுதான் வழக்கம். காலையில குடுத்தா சாயங்காலம் ரிப்போர்ட்டுன்னா கொஞ்சம் யோசிங்க. அந்த ரிப்போர்ட்ல செமிகார்பசைடு (நைட்ரோஃபியூரான் வகை மருந்து ஒண்ணு சிதைஞ்சு வர்ற பொருள்) மட்டும் தனியா வந்தா, உடனே தேனீ வளர்க்கிறவர் மேல பாயாதீங்க. அசோடைகார்பனமைடுங்கிற நுரைக்க வைக்கிற ரசாயனம் போட்டுச் செஞ்ச மூடி வாஷர்லேர்ந்தும் அது தேன்ல இறங்கும். டிரம்லேர்ந்து நேரா எடுத்ததையும் குடுத்துப் பாருங்க.

சாம்பிளை டிரம்மோட மேல, நடு, அடி மூணுலயும் எடுத்துக் கலக்கணும். உறைஞ்சிருந்தா 40 டிகிரி தாண்டாம இளக்குங்க. கொதிக்க வெச்சா டெட்ராசைக்ளின் சிதைஞ்சிடும். 250 கிராம் ரெண்டு பாட்டில், ஒண்ணு சீல் வெச்சு உங்ககிட்டயே இருக்கட்டும்.

நச்சுன்னா நம்ம பக்கம் பாக்க வேண்டியது பைரோலிசிடின் அல்கலாய்டு, சில செடிகள்ல இருக்கிற, கல்லீரலைக் கெடுக்கிற நச்சு. சணப்பு, கிலுகிலுப்பை, தேள்கொடுக்கு இதுலல்லாம் இருக்கு. பசுந்தாள் உரத்துக்குப் போட்ட சணப்பைப் பூவெடுத்ததும் மடக்கி உழுதுடுவாங்க, அவ்வளவு கவலை இல்ல. விதைக்கு விட்ட வயல் பக்கத்துல பெட்டி இருந்தா அவசியம் பாருங்க. அந்த நச்சோட இன்னொரு வடிவமான என்-ஆக்சைடையும் சேர்த்துத்தான் ரிப்போர்ட் வேணும்னு சொல்லிடுங்க. கிரேயனோடாக்சின்ங்கிற இன்னொரு நச்சுக்குக் காசு செலவு பண்ண வேணாம்; அது மலையில இருக்கிற ரோடோடென்ட்ரான் பூவுலேர்ந்து வர்றது.

பெட்டிக்காரங்ககிட்டயும் ஒண்ணு சொல்லி வைங்க. தேனீப் புழு தண்ணி கட்டின பை மாதிரி ஆகிச் செத்தா அது சாக்புரூட், வைரஸ். தேனீக்குக் குடுக்கிற சர்க்கரைப் பாகுல டெட்ராசைக்ளின் கலந்து வெச்சாலும் அது அடங்காது. மருந்து மட்டும் தேன்ல தங்கிடும்.