பிள்ளை பெற்ற வயிற்றில் ஒருபக்க வலி

நேயர்களுக்கு வணக்கம். பிள்ளை பெற்றவளுக்கு வயிறு வலிக்கத்தான் செய்யும் என்பார்கள். உண்மைதான். விரிந்திருந்த கருப்பை சுருங்குகிறது. பால் கொடுக்கும்போது சுரக்கும் ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் அதை இன்னும் இறுக்குகிறது. சிசேரியன் என்றால் தையல் வலியும் சேர்ந்துகொள்ளும். ஆனால் இந்த வலிகளுக்குப் பின்னால் வேறொரு வலி ஒளிந்துகொள்ள முடியும். கருமுட்டை உருவாகும் உறுப்பான சினைப்பை முறுக்கிக்கொள்வதால் வரும் வலி. அதைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

சினைப்பை ஒரு பக்கம் கருப்பையோடும் மறுபக்கம் இடுப்புச் சுவரோடும் நார்களால் கட்டப்பட்டிருக்கிறது. அதற்கு வேண்டிய ரத்தக்குழாய்களும் அந்த வழியாகவே வருகின்றன. ஊஞ்சலைச் சுற்றிவிட்டால் கயிறு முறுக்கிக்கொள்ளுமே, அப்படி இந்த நார்களும் முறுக்கிக்கொள்வது உண்டு. முதலில் நசுங்குவது, ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் மெல்லிய சுவர் கொண்ட சிரைகள். ரத்தத்தை உள்ளே கொண்டுவரும் தமனி அதைத் தள்ளிக்கொண்டே இருக்கும், வெளியேற வழி இருக்காது. சினைப்பை வீங்கும். வீக்கம் கூடக்கூட, உள்ளே வருகிற ரத்தமும் நின்றுபோகும்.

பிரசவத்துக்குப் பிறகு ஏன்? நிறைமாதத்தில் விலா வரை எட்டிய கருப்பை, பிரசவம் முடிந்ததும் தொப்புள் அளவுக்கு இறங்கி, ஏறக்குறைய இரண்டு வாரத்தில் இடுப்புக்குள் போய்விடுகிறது. அதோடு மேலே ஏறியிருந்த சினைப்பைகளும் இறங்குகின்றன. நார்கள் தளர்ந்திருக்கின்றன, வயிற்றுக்குள் இடமும் நிறைய. சினைப்பையில் ஏற்கெனவே கட்டி இருந்தால், அதுவும் 5 சென்டிமீட்டருக்கு மேல் என்றால், முறுக்கிக்கொள்ளும் வாய்ப்பு கூடும். அரிதான விஷயம்தான். ஆனாலும் தாமதித்தால் சினைப்பையையே இழக்க நேரிடும்.

ஒரு தாயின் கதையைச் சொல்கிறேன். குழந்தை பிறந்து இரண்டாவது வாரம். வலது அடிவயிற்றில் திடீரென்று வலி. வரும், போகும், மறுபடி வரும். கூடவே வாந்தி. காய்ச்சல் இல்லை. கருப்பை சுருங்குகிறது, எல்லாருக்கும் இப்படித்தான் என்று வீட்டில் சொன்னார்கள். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "பால் கொடுக்கும்போது வருகிற வலி எனக்குத் தெரியும், அது நடுவில் வரும். இது ஒரு பக்கமாக வருகிறது, பால் கொடுக்காதபோதும் வருகிறது" என்றார். மருத்துவர்களான எங்களுக்குத் துப்புக் கொடுத்தது அந்தப் பேச்சுதான். நேயர்களே, உங்கள் வலியை இப்படிச் சொல்லுங்கள். எந்த இடம், எப்போது தொடங்கியது, விட்டு விட்டு வருகிறதா, குமட்டல் உண்டா. இவ்வளவு போதும்.

ஸ்கேனில் சினைப்பை வீங்கியிருந்தது. ஆனால் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் ஓட்டம் தெரிந்தது. ரத்தம் ஓடுகிறதே, பிறகென்ன என்று தோன்றும். அங்கேதான் ஏமாந்துவிடக் கூடாது. சினைப்பைக்கு இரண்டு வழியாக ரத்தம் வருகிறது, முறுக்கு பாதியளவில் நிற்பதும் உண்டு. அதனால் ஓட்டம் தெரிவதை மட்டும் வைத்து முறுக்கு இல்லை என்று சொல்லிவிட முடியாது. அவர் வலி குறையவில்லை. லேப்ராஸ்கோபி, அதாவது வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமரா வழியாகப் பார்க்கும் அறுவை சிகிச்சை, செய்து பார்த்தால், சினைப்பை இரண்டு சுற்று முறுக்கி நீலக்கருப்பாகக் கிடந்தது. முறுக்கைப் பிரித்துவிட்டோம். எடுக்கவில்லை. பிறகு எடுத்த ஸ்கேனில் அதே சினைப்பையில் கருமுட்டை வளரும் நுண்ணிய பைகள் வளர்வதைப் பார்த்தோம்.

முன்பெல்லாம் கறுத்த சினைப்பையை வெட்டி எடுத்துவிடுவார்கள். பிரித்துவிட்டால் ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய்விடும் என்ற பயம். அந்தப் பயத்துக்கு ஆதாரம் இல்லை என்று பின்னால் தெரிந்தது. பார்வைக்குச் செத்துப்போனது போலிருந்தாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

மறுபடியும் சொல்கிறேன்: திடீர் வலி, ஒரு பக்கம், குமட்டல் அல்லது வாந்தி. இப்படி இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள், மறுநாள் வரை பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம். குழந்தை பிறந்து எத்தனை நாள் என்பதையும், கர்ப்ப காலத்தில் கட்டி இருப்பதாகச் சொல்லியிருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

குடல்வால் அழற்சி, சினைப்பைச் சிரையில் ரத்தம் உறைவது, கருப்பையில் கிருமித்தொற்று ஆகியவற்றையும் விரிவாகப் பேச நினைத்திருந்தேன். நேரம் இல்லை. காய்ச்சலோ, நாற்றமுள்ள கசிவோ இருந்தால் அதுவும் உடனே காட்ட வேண்டியது என்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அப்புறம், தாய்மார்கள் எப்போதும் கேட்கிற கேள்வி ஒன்று: அறுவை சிகிச்சை செய்தால் தாய்ப்பால் நின்றுவிடுமா? நிற்காது. மயக்கம் நன்றாகத் தெளிந்து குழந்தையைப் பிடித்துக்கொள்ள முடிந்ததும், பொதுவாகப் பால் கொடுக்கலாம். வணக்கம்.