எனம் வேல்யூவை டேட்டாபேஸ்ல எப்படிச் சேமிக்கணும்: நம்பராவா, ஸ்ட்ரிங்காவா?

வணக்கம் மக்களே. ஸ்கிரீன்ல ஒரு ஜாவா எனம் (இந்த வேல்யூல ஒண்ணு மட்டும்தான் வரலாம்னு பேர் வச்ச லிஸ்ட்) இருக்கு பாருங்க, ஆர்டர் ஸ்டேட்டஸ். பெண்டிங், பெய்ட், ஷிப்டு, டெலிவர்டுன்னு நாலு வேல்யூ. கீழ என்டிட்டி கிளாஸ்ல, அதாவது டேபிளைக் குறிக்கிற ஜாவா கிளாஸ்ல, அந்த ஃபீல்டுக்கு மேல @எனுமரேட்டட்னு மட்டும் போட்டிருக்கு, பிராக்கெட்டுக்குள்ள ஒண்ணும் இல்ல. அப்படி விட்டா ஜேபிஏ (ஜாவா ஆப்ஜெக்ட்டை டேபிள்ல சேமிக்கிறதுக்கான ஸ்டாண்டர்ட்) டீஃபால்ட்டா ஆர்டினலை எடுத்துக்கும். அதாவது லிஸ்ட்ல அந்த வேல்யூ எத்தனாவது இடத்துல இருக்குங்கிற நம்பர். பெண்டிங் 0, பெய்ட் 1, ஷிப்டு 2, டெலிவர்டு 3. டேபிள்ல போய் உக்காருறது இந்த நம்பர்தான்.

இப்ப டீம்ல ஒருத்தர் பேக்டுன்னு புது ஸ்டேட்டஸ் சேர்க்குறாரு. பெய்டுக்கும் ஷிப்டுக்கும் நடுவுல வைக்கிறாரு, படிக்க அதுதான் சரியான இடம். கம்பைல் ஆகும். டெஸ்ட்டும் பாஸ் ஆகும், ஏன்னா டெஸ்ட் டேட்டாபேஸ் ஒவ்வொரு தடவையும் புதுசா உருவாகுது, பழைய டேட்டா அதுல கிடையாது. புரொடக்‌ஷன்ல? ஏற்கனவே 2-ன்னு இருந்த ரெக்கார்டு எல்லாம் பேக்டு ஆயிடுச்சு. 3 எல்லாம் ஷிப்டு ஆயிடுச்சு. பொருளை வாங்கி வீட்டுல வச்சிருக்கிறவருக்கு "வந்துகிட்டு இருக்கு"ன்னு காட்டுது. லாக்ல ஒரு எர்ரர் கிடையாது.

இதுல மோசமான விஷயம், புது கோடும் எழுத ஆரம்பிச்சிடும். இப்ப டேபிள்ல இருக்குற 2-ல பழைய ஷிப்டும் இருக்கு, புது பேக்டும் இருக்கு. பிரிக்கணும்னா அப்டேட் ஆன நேரத்தை டிப்ளாய் நேரத்தோட, அதாவது புது கோடு சர்வருக்குப் போன நேரத்தோட ஒப்பிட்டுப் பார்க்கணும். அந்த டைம்ஸ்டாம்ப் ஃபீல்டும் இல்லன்னா, பேக்கப்பையும் ஆடிட் லாக்கையும் தோண்ட வேண்டியதுதான்.

ஜேபிஏவைச் செயல்படுத்துற லைப்ரரி ஹைபர்னேட். அது 6.2-ல இருந்து டேபிளை அதுவே உருவாக்கினா 0-க்கும் 3-க்கும் நடுவுலதான் இருக்கணும்னு ஒரு செக் கன்ஸ்ட்ரெயின்ட் போடும். அதனால 4 எழுதப் போகும்போது எர்ரர் வரும். எர்ரரைப் பார்த்ததும் கன்ஸ்ட்ரெயின்ட்டைத் தூக்கிடாதீங்க. அது உங்களுக்கு வந்த முதல் எச்சரிக்கை. முதல்ல எனம் ஃபைலோட கிட் ஹிஸ்டரியைத் திறந்து வரிசை மாறியிருக்கான்னு பாருங்க.

சரி, ஸ்ட்ரிங்கா வச்சா இடம் அதிகம் ஆகுமேன்னு எல்லாரும் கேப்பாங்க. கணக்கு போடுவோம். போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ்ல டெலிவர்டுங்கிற 9 எழுத்து ஆங்கில வார்த்தைக்கு ஹெட்டரோட சேர்த்து 10 பைட். ஸ்மால்இன்ட்ங்கிற சின்ன நம்பர் டைப்புக்கு 2 பைட். 1 கோடி ரெக்கார்டுக்கு வித்தியாசம் சுமார் 80 எம்பி. இன்டெக்ஸைப் பத்திக் கவலைன்னா, போஸ்ட்கிரஸ் 13-ல இருந்து பி-ட்ரீ இன்டெக்ஸ் ஒரே வேல்யூ திரும்பத் திரும்ப வந்தா சுருக்கி வச்சுக்கும். இந்த 80 எம்பிக்காக, ராத்திரி 2 மணிக்கு டேபிளைத் திறந்து பார்க்கிறவருக்கு "3"-ன்னு காட்டுறது சரியில்லங்கிறது என் கருத்து.

ஆனா ஸ்ட்ரிங்கா சேமிக்க @எனுமரேட்டட் பிராக்கெட்டுக்குள்ள எனம்டைப்.ஸ்ட்ரிங்னு போட்டதோட வேலை முடியாது. ஐடிஈல ரைட் கிளிக் பண்ணி ரீநேம் கொடுத்தீங்கன்னா கோடு முழுக்க மாறும், டேட்டாபேஸ்ல பழைய பேரே இருக்கும். அடுத்த ரீட்ல "நோ எனம் கான்ஸ்டன்ட்"னு எக்ஸெப்ஷன் விழும். சத்தம் போட்டு உடையறதால ஆர்டினலை விட இது பரவாயில்ல. இதுக்கும் வழி இருக்கு. எனம் வேல்யூ ஒவ்வொண்ணுக்கும் கன்ஸ்ட்ரக்டர்ல ஒரு நிலையான குறியீட்டைக் கொடுத்திருங்க, ஆட்ரிப்யூட் கன்வெர்ட்டர் (ஜாவா வேல்யூவை டேட்டாபேஸ் வேல்யூவா மாத்துற கிளாஸ்) எழுதி அந்தக் குறியீட்டை மட்டும் டேட்டாபேஸுக்கு அனுப்புங்க. அப்புறம் ஜாவா பேரை எப்படி வேணா மாத்தலாம். ஒண்ணு கவனிங்க: கன்வெர்ட்டர்ல ஆட்டோஅப்ளை (தானாவே பொருந்தட்டும்ங்கிற செட்டிங்) போட்டிருந்தாலும், ஃபீல்டு மேல @எனுமரேட்டட் மிச்சம் இருந்தா கன்வெர்ட்டர் வேலை செய்யாது. அதை எடுத்திருங்க.

அடுத்து டேட்டாபேஸ் பக்கம். கையால அப்டேட் போடுறவரு ஸ்பெல்லிங் தப்பா அடிச்சாலும் தடுக்கணும், அதுக்கு செக் கன்ஸ்ட்ரெயின்ட். நாட் நல் (காலியா விடக்கூடாதுங்கிற விதி) தனியா போடணும், ஏன்னா நல் வந்தா செக் அதைத் தடுக்காது. பெரிய டேபிள்னா போஸ்ட்கிரஸ்ல முதல்ல பழைய ரெக்கார்டைச் சரிபார்க்காம நாட் வேலிட்னு சேர்த்து, அப்புறம் தனி கமாண்டா வேலிடேட் பண்ணுங்க. நேரடியா சேர்த்தா டேபிள் முழுக்கப் படிச்சு முடிக்கிற வரைக்கும் டேபிளைப் பூட்டி வச்சுக்கும். வேலிடேட் ஓடும்போது ரீட், ரைட் ரெண்டும் நடக்கும்.

போஸ்ட்கிரஸோட சொந்த எனம் டைப் 4 பைட்தான், நல்லா வேலை செய்யும். ஆனா வேல்யூ சேர்க்கலாம், 10-ல இருந்து பேர் மாத்தலாம், நீக்க மட்டும் முடியாது. நீக்கணும்னா புது டைப் உருவாக்கி ஃபீல்டை மாத்தணும். 12-க்கு முந்தி ஆட் வேல்யூ டிரான்ஸாக்‌ஷன் பிளாக்குக்குள்ள ஓடாது. 12-ல இருந்து ஓடும், ஆனா கமிட் ஆகுற வரைக்கும் அந்தப் புது வேல்யூவைப் பயன்படுத்த முடியாது. அதனால சேர்க்குறதும், அதை வச்சு ரெக்கார்டை அப்டேட் பண்றதும் ரெண்டு மைக்ரேஷனா (டேட்டாபேஸை மாத்துற ஸ்கிரிப்ட்) இருக்கட்டும்.

மைஎஸ்கியூஎல் எனம்ல இன்னொரு சிக்கல். எனம் '0', '1', '2'-ன்னு மேற்கோள் குறிக்குள்ள நம்பரை வச்சு ஃபீல்டு இருக்குன்னு வைங்க. இன்சர்ட்ல மேற்கோள் குறி இல்லாம 2 கொடுத்துப் பாருங்க. உள்ள போறது '1'. ஏன்னா மேற்கோள் குறி இல்லாத நம்பரை அது இடத்தோட எண்ணா எடுத்துக்கும், அந்த எண்ணிக்கை 1-ல ஆரம்பிக்குது. நம்பர் மாதிரி இருக்குற லேபிளை அங்க வைக்கவே வைக்காதீங்க.

புது வேல்யூ சேர்க்கும்போது டிப்ளாய் வரிசையும் முக்கியம். நாலு சர்வர் ஒவ்வொண்ணா மாறுதுன்னா, புது சர்வர் பேக்டுன்னு எழுதினதைப் பழைய சர்வர் படிச்சு உடையும். அதனால முதல் ரிலீஸ்ல கன்ஸ்ட்ரெயின்ட்டை விரிச்சு, வேல்யூவைப் படிக்கத் தெரிஞ்ச கோடு மட்டும் போகட்டும். எல்லா சர்வரும் மாறினதுக்கு அப்புறம் அடுத்த ரிலீஸ்ல எழுத ஆரம்பிங்க.

மத்த ஃப்ரேம்வொர்க் வச்சிருக்கிறவங்களுக்கு: என்டிட்டி ஃப்ரேம்வொர்க் கோர் டீஃபால்ட்டா நம்பரைத்தான் எழுதும், ஹேஸ்கன்வெர்ஷன் போட்டு ஸ்ட்ரிங் ஆக்கணும். ரெயில்ஸ்ல வரிசையை நம்பி இருக்குற அரே கொடுக்காம, பேருக்கு நேரா வேல்யூவை எழுதுற ஹேஷ் கொடுங்க. ஜாங்கோல சாய்ஸஸ் இருந்தாலும் சேவ் பண்ணும்போது சரிபார்க்காது, செக் கன்ஸ்ட்ரெயின்ட் தனியா வேணும். எஸ்கியூஎல்ஆல்கெமி பைத்தான் எனமோட வேல்யூவை எழுதாது, பேரை எழுதும். வேல்யூ வேணும்னா வேல்யூஸ்_காலபிள் கொடுங்க.

ஏற்கனவே ஆர்டினல்ல ஓடுற டேபிள் இருந்தா, இன்னைக்கே ஒரு யூனிட் டெஸ்ட் எழுதுங்க: பெண்டிங் 0, பெய்ட் 1-ன்னு ஒவ்வொண்ணையும் அசெர்ட் பண்ணுங்க. யாராவது நடுவுல சொருகினா பில்டு அங்கேயே நிக்கும். அப்புறம் நிதானமா புது ஸ்ட்ரிங் ஃபீல்டைச் சேர்த்து, கோடு ரெண்டுலயும் எழுதட்டும். பழைய ரெக்கார்டை எஸ்கியூஎல் கேஸ் (நம்பருக்கு ஏத்த பேரைத் தேர்ந்தெடுக்கிற கட்டளை) வச்சு 5,000, 10,000-னு பகுதி பகுதியா நிரப்புங்க. ரெண்டு ஃபீல்டும் எல்லா ரெக்கார்டுலயும் ஒத்துப் போகுதான்னு ஒரு க்வெரி ஓட்டிட்டு, ரீடைப் புது ஃபீல்டுக்கு மாத்துங்க. பழைய ஃபீல்டை ட்ராப் பண்றதுக்கு முந்தி ரிப்போர்ட் க்வெரியையும் ராத்திரி ஓடுற எக்ஸ்போர்ட் ஜாபையும் ஒரு தடவை தேடிப் பாருங்க, ஸ்டேட்டஸ் ஈக்வல் டு 3-ன்னு எழுதி வச்சது பெரும்பாலும் அங்கதான் இருக்கும்.