மெக்சிகோவின் குழியடுப்பும் நம் வீட்டு ஸ்லோ குக்கரும்

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம். டெக்சஸ் மாநிலத்தில் நீண்ட காலம் வாழ்ந்து, மெக்சிகோ வழிவந்த குடும்பங்களின் அடுக்களைகளில் நின்று பார்த்தும் கேட்டும் கற்றுக்கொண்ட ஒரு சமையலைப் பற்றி இன்று உங்களுடன் பேச வந்திருக்கிறேன். மாட்டிறைச்சியை ஸ்லோ குக்கர் என்ற, மெல்லிய சூட்டில் சமைக்கும் மின்பானையில் நாள் முழுதும் வேகவைத்து, நார் நாராகப் பிய்த்து, அதன் சாற்றிலேயே புரட்டி, டார்டியா என்ற மெல்லிய மக்காச்சோள ரொட்டியில் வைத்து உண்பதுதான் அது.

அமெரிக்காவிலும் கனடாவிலும் வாழும் நம்மவர் பலருடைய வீட்டில் ஸ்லோ குக்கர் இருக்கிறது. காலையில் எல்லாவற்றையும் உள்ளே போட்டு மூடிவிட்டு வேலைக்குப் போகலாம், மாலையில் உணவு தயாராக இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் அதை வாங்குகிறோம். அப்படியே சமைத்தவர்கள், கறி மெத்தென்று இருக்கிறது, ஆனால் சாறு தண்ணீராக இருக்கிறது, சுவை மட்டும் எங்கே போயிற்று என்று தெரியவில்லை என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். காரணம் எளிது. ஸ்லோ குக்கர் மெல்ல வேகவைக்கும். அதனால் வறுக்க முடியாது, சுண்டவைக்கவும் முடியாது. அந்த இரண்டு வேலைகளும் நம்முடையவை. இன்றைய பேச்சில் இதை நான் மறுபடியும் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இந்தச் சமையல் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். மெக்சிகோவின் நடுப்பகுதியில் இதால்கோ என்ற மாநிலம் இருக்கிறது. குழியடுப்பில் இறைச்சியை மூடி வேகவைக்கும் பார்பகோவா என்ற உணவுக்கு அந்த மாநிலம் பெயர்பெற்றது. அங்குள்ள ஆக்தோபான் நகரில் அதற்கென்றே ஆண்டுதோறும் விழா எடுக்கிறார்கள். தரையில் குழி வெட்டி, அதில் விறகெரித்துக் கற்களைப் பழுக்கச் சூடேற்றி, நம் ஊர் ஆனைக்கற்றாழையின் இனத்தைச் சேர்ந்த மாகே என்ற செடியின் நீண்ட மடல்களை அனலில் வாட்டிக் குழியைச் சுற்றிலும் பரப்பி, அவற்றின் நடுவே செம்மறியாட்டு இறைச்சியை வைத்து மூடிவிடுவார்கள். இறைச்சிக்கு அடியில் ஒரு பாத்திரம் இருக்கும். இரவு முழுதும் சொட்டுகிற சாறு அதில் இருக்கும் கொண்டைக்கடலையோடும் அரிசியோடும் சேர்ந்து, காலையில் தனிச் சுவையுள்ள சூப்பாகிவிடும்.

வடக்கே போகப் போக ஆட்டின் இடத்தை மாடு பிடித்துக்கொள்கிறது. ஸ்பானியர்கள் 16ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்த மாடுகள் வட மெக்சிகோவின் வறண்ட புல்வெளிகளில் பெருகின. அந்தப் பகுதியிலும், அதையொட்டிய தென் டெக்சஸிலும், பார்பகோவா என்றால் மாட்டுத்தலைதான். சனிக்கிழமை இரவு குழியில் இறக்கி ஞாயிறு காலையில் எடுப்பார்கள். கன்னக்கறி முதலில் விற்றுத் தீர்ந்துவிடும். டெக்சஸ் எல்லையில் இருக்கும் பிரவுன்ஸ்வில் நகரில் 1955 முதல் நடந்துவரும் வேராஸ் பேக்யார்ட் பார்பிக்யூ என்ற கடையில், மெஸ்கீட் விறகெரித்துச் செங்கல் குழியில் மாட்டுத்தலையை வேகவைக்கும் வழக்கம் தொடர்கிறது. அந்த மெஸ்கீட் மரம் நம் ஊரில் எங்கும் பரவிக்கிடக்கும் சீமைக் கருவேலத்துக்கு நெருங்கிய உறவு என்பதை, இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்து நேயர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன்.

அந்தக் குழியில் நடப்பது என்ன? நன்றாக மூடிய இடம், மிதமான சூடு, வெளியேற முடியாத நீராவி, நீண்ட நேரம். நம் சமையலறை மேடையில் இருக்கும் ஸ்லோ குக்கர் தருவதும் இவற்றைத்தான். புகையும் மடலின் மணமும் அதில் இல்லை என்பது உண்மை. ஆனால் இறைச்சியை மெத்தென்று ஆக்கும் வழி இரண்டிலும் ஒன்றே.

இந்தக் கருவி பிறந்த கதை எனக்கு மிகவும் பிடித்தமானது. கொஞ்சம் விரித்துச் சொல்ல இடங்கொடுங்கள். லித்துவேனியாவின் வில்னியஸ் நகரத்து யூதக் குடும்பங்களில், வெள்ளிக்கிழமை சூரியன் மறைந்தபின் மறுநாள் மாலை வரை அடுப்பு மூட்டும் வழக்கம் இல்லை. ஆனாலும் ஓய்வுநாளில் சூடான உணவு வேண்டும். ஆகவே பீன்ஸ், பார்லி, இறைச்சி எல்லாம் சேர்த்துச் சோலன்ட் என்ற உணவுக்குப் பானையை நிரப்பி, வெள்ளிக்கிழமை மாலையில் பக்கத்து அடுமனைக்குக் கொடுத்தனுப்புவார்கள். அடுமனையின் நெருப்பு அணைந்திருக்கும்; ஆனால் அதன் சுவர்களில் தங்கிய சூடு அந்தப் பானையை இரவெல்லாம் வேகவைக்கும். இப்படிச் சிறுவயதில் பானையைச் சுமந்து சென்ற ஒரு பெண் பின்னாளில் அமெரிக்காவில் தன் மகனுக்கு அந்தக் கதையைச் சொன்னார். மகன் பெயர் இர்விங் நாக்சன். சிகாகோவில் வாழ்ந்த பொறியாளர், பல கருவிகளைக் கண்டுபிடித்தவர். அந்த அடுமனைச் சுவரின் சூட்டை ஒரு பானையைச் சுற்றி மின்கம்பியால் உண்டாக்கினால் என்ன என்று அவர் எண்ணினார். 1936இல் விண்ணப்பித்து, 1940இல் காப்புரிமை பெற்றார். நாக்சன் பீனரி என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. 1970இல் அவருடைய நிறுவனத்தைக் கான்சஸ் சிட்டியின் ரைவல் நிறுவனம் வாங்கி, 1971இல் கிராக்பாட் என்ற பெயரிட்டு வெளியிட்டது. வேலைக்குச் செல்லும் பெண்கள் பெருகிய காலம் அது. கருவி வீடுதோறும் புகுந்தது. அம்மா சொன்ன கதை ஒன்று இத்தனை கோடி அடுக்களைகளை எட்டியிருக்கிறது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

இனி இறைச்சிக்கு வருவோம். கடையில் நல்ல கறி என்று கொழுப்பும் சவ்வும் இல்லாத துண்டைத் தேடி எடுப்பது நம் பழக்கம். இந்தச் சமையலுக்கு அது உதவாது. மாடு அதிகம் உழைக்கும் தோள்பகுதிக் கறி, அமெரிக்கக் கடைகளில் சக் ரோஸ்ட் என்று எழுதியிருக்கும், அதுவே சிறந்தது. கால்கறியும் நெஞ்சுக்கறியும் அடுத்தபடி. உழைத்த தசைகளில் கொலாஜன் என்ற இணைப்புப் புரதம் நிறைய இருக்கிறது. பச்சையாக இருக்கும்போது கறியைக் கடினமாக்குவது அதுதான். சூடு சுமார் 70 டிகிரி செல்சியஸைத் தாண்டி நெடுநேரம் நீடிக்கும்போது அது மெல்லக் கரைந்து ஜெலட்டினாக மாறுகிறது. ஆட்டுக்கால் பாயா குடித்தபின் உதடுகள் ஒன்றோடொன்று ஒட்டுமே, அந்தப் பிசுபிசுப்புதான் இங்கும் கிடைக்கிறது. தசைநாரில் இருந்த நீர் வெப்பத்தால் பெரும்பாலும் பிழியப்பட்டு வெளியே வந்துவிடும். அதை ஈடுசெய்து, நாருக்கு நார் பூசிக்கொண்டு, வாயில் ஈரமாக உணரச்செய்வது இந்த ஜெலட்டின். கொழுப்பில்லாத துடைக்கறியில் கரைவதற்கு ஒன்றும் இல்லாததால் அது எத்தனை மணி நேரம் வெந்தாலும் வறண்ட பஞ்சாகத்தான் வரும்.

அளவு சொல்கிறேன், எழுதிக்கொள்ள விரும்புவோர் எழுதிக்கொள்ளலாம். தோள்கறி 1.5 கிலோ, வெந்தபின் அது ஏறக்குறைய 1 கிலோவாகக் குறையும். பெரிய துண்டுகளாக மூன்றோ நான்கோ போட்டால் போதும். சிறிதாக நறுக்கினால் நார் குட்டையாகிவிடும். முதல்நாள் இரவே 3 தேக்கரண்டித் தூளுப்பைத் தடவிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். மறுநாள் ஈரத்தைத் துடைத்துவிட்டு, கனமான வாணலியில் சிறிது எண்ணெய் விட்டு, எல்லாப் பக்கமும் ஆழ்ந்த பழுப்பு நிறம் வரும்வரை வறுத்தெடுங்கள். மறுபடியும் சொல்கிறேன்: ஸ்லோ குக்கரால் வறுக்க முடியாது. அந்தப் பழுப்பு நிறத்தில்தான் கறியின் பாதிச் சுவை இருக்கிறது.

அடுத்தது மிளகாய். இதைப் பேசத் தொடங்கினால் எனக்கு நிறுத்த மனம் வராது. டாகோ மசாலா என்று சிறு பொட்டலங்களில் விற்கிறார்களே, தயவுசெய்து அதை வாங்காதீர்கள். உலகுக்கே மிளகாயைக் கொடுத்த மண் மெக்சிகோ. அங்கிருந்து புறப்பட்டுத்தான் அது 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் வழியாக நம் கரைக்கு வந்தது. இராமநாதபுரத்துக் குண்டு மிளகாயும், மெக்சிகோ மக்கள் விரும்பும் வஹியோ, ஆஞ்சோ, சிபோட்லே ஆகிய மூன்றும் தாவரவியலில் ஒரே இனம். ஆனால் நாம் மிளகாயைப் பெரும்பாலும் காரத்துக்காகச் சேர்க்கிறோம். அவர்கள் அதைப் பழத்தைப்போலச் சதைக்காகவும் சேர்க்கிறார்கள். ஆஞ்சோ என்பது போப்லானோ மிளகாயைப் பழுக்கவைத்து உலர்த்தியது. அகலமாக, கருஞ்சிவப்பாக, உலர்திராட்சையின் இனிப்பும் மணமும் கொண்டிருக்கும். வஹியோ மெல்லிய தோலுடையது. நல்ல சிவப்பும் இலேசான புளிப்பும் தரும். சிபோட்லே பழுத்த ஹலபேனோவைப் புகையில் உலர்த்தியது. குழியடுப்பின் புகை நமக்கு இல்லாத குறையை ஓரளவு தீர்ப்பது இதுதான். வஹியோ கிடைக்காத ஊரில் காஷ்மீரி மிளகாய் போடலாம். நிறமும் மிதமான காரமும் பொருந்தும். நம் சம்பா மிளகாயை அதே அளவில் போட்டால் காரம் மட்டுமே மிஞ்சும்.

வஹியோ 4, ஆஞ்சோ 3, சிபோட்லே 1 எடுத்து, காம்பையும் விதையையும் நீக்கி, வெறும் தோசைக்கல்லில் ஒரு பக்கத்துக்குச் சில விநாடிகள் மட்டும் அழுத்தி வாட்டுங்கள். மணம் எழுந்ததும் எடுத்துவிட வேண்டும். கருகினால் கசப்பு ஏறி, அதைச் சரிசெய்ய வழியே இருக்காது. பிறகு வெந்நீரில் 20 நிமிடம் ஊறட்டும். அதே கல்லில் 2 தக்காளி, பாதி வெங்காயம், தோலோடு 5 பல் பூண்டு ஆகியவற்றைக் கரும்புள்ளி விழச் சுட்டு, பூண்டை உரித்து, ஊறிய மிளகாய், 1 தேக்கரண்டிச் சீரகம், 2 கிராம்பு, ஒரு சிறு துண்டு பட்டை, 1 தேக்கரண்டி மெக்சிகோ ஓரிகானோ, 2 மேசைக்கரண்டி வினிகர் சேர்த்து மையாக அரைத்துவிடுங்கள். பட்டை என்றேன், மெக்சிகோ சமையலுக்கு உரியது இலங்கையிலிருந்து வரும் மெல்லிய சுருள் பட்டை, ஈழத்து நேயர்கள் கறுவா என்று சொல்வது. இலங்கைக் கறுவாவை உலகில் மிக அதிகமாக வாங்கும் நாடுகளில் மெக்சிகோ முன்னிற்கிறது. தடித்த சீனப் பட்டை இங்கே முரடாகத் தெரியும். ஓரிகானோவும் அப்படித்தான்: பீட்சாவில் தூவுவது வேறு செடி, மெக்சிகோவினது வேறு குடும்பத்துச் செடி, மெக்சிகோ மளிகைக் கடைகளில் எளிதாகக் கிடைக்கும்.

அரைத்த விழுதை, கறி வறுத்த அதே வாணலியில் கொட்டி, நிறம் அடர்ந்து எண்ணெய் பிரியும்வரை கிளறுங்கள். அடியில் ஒட்டியிருந்த பழுப்பெல்லாம் அதில் கரைந்து சேரும். கறியை ஸ்லோ குக்கரில் அடுக்கி, விழுதை மேலே ஊற்றி, 2 பிரிஞ்சி இலை போட்டு மூடுங்கள். தண்ணீர் வேண்டாம். மூடியின் விளிம்பில் நீராவி குளிர்ந்து படிந்து தானே அடைப்பாகிவிடுவதால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறாது. கறியிலிருந்தும் சாறு இறங்கும். அரைக் கோப்பை ஊற்றினாலும் அது மாலைவரை அப்படியே கிடந்து சாற்றை நீர்க்கச் செய்யும்.

லோ என்ற நிலையில் 8 முதல் 10 மணி நேரம், ஹை என்ற நிலையில் 5 அல்லது 6 மணி நேரம். இரண்டும் இறுதியில் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே ஏறத்தாழ ஒரே சூட்டைத்தான் எட்டுகின்றன; எவ்வளவு விரைவில் எட்டுகின்றன என்பதே வேறுபாடு. நேரமிருப்பவர் லோவில் வையுங்கள். நடுவில் மூடியைத் திறக்காதீர்கள். ஒருமுறை திறந்தால் போன சூடு திரும்ப 20 நிமிடத்துக்கும் மேலாகும். உறைந்த கறியை நேராகப் போடவே கூடாது, ஏனென்றால் அது 60 டிகிரியைத் தாண்டுவதற்குள் கிருமிகள் பெருகப் போதுமான நேரம் கிடைத்துவிடும். இன்னொன்று: கறியோடு சிவப்பு ராஜ்மாவையும் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். பச்சையாகப் போடக்கூடாது. அதில் உள்ள ஒரு நச்சுப்புரதம் ஸ்லோ குக்கரின் மெல்லிய சூட்டில் அழியாமல் போகலாம். தனியே ஊறவைத்து, தண்ணீரை மாற்றி, அடுப்பில் நன்கு கொதிக்கவைத்த பிறகே சேர்க்க வேண்டும்.

இரண்டு முட்கரண்டிகளைக் குத்தி இழுத்தால் எதிர்ப்பே இல்லாமல் நார் பிரிய வேண்டும். பிரியவில்லை என்றால் கறி வெந்தது போதவில்லை என்று பொருள். இன்னும் ஒரு மணி நேரம் விடுங்கள். வெந்ததும் கறியைத் தட்டில் எடுத்து, கால் மணி நேரம் ஆறவிட்டு, நாரின் போக்கிலேயே பிய்த்துவிடுங்கள். மாவாகும்படி நசுக்காதீர்கள். இப்போது நம்முடைய இரண்டாவது வேலை: சாற்றின் மேலே மிதக்கும் கொழுப்பை எடுத்துவிட்டு, சாற்றை வாணலியில் ஊற்றிப் பாதியாகச் சுண்டவைத்து, பிய்த்த கறியை அதில் போட்டுப் புரட்டுங்கள். ஸ்லோ குக்கரால் சுண்டவைக்க முடியாது என்று தொடக்கத்தில் சொன்னது இதற்காகத்தான். ஓரங்கள் மொறுமொறுப்பாக வேண்டுமென்றால், எடுத்துவைத்த கொழுப்பில் சிறிது தெளித்து, ஓவனின் மேல்சூட்டில் 4, 5 நிமிடம் காட்டலாம்.

டார்டியாவைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். நேரம் முடிகிறது என்று நிலையத்தார் சைகை காட்டுகிறார். சுருக்கமாக: மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து ஊறவிட்டு அரைக்கும் மெக்சிகோ முறையில்தான் அதிலுள்ள நியாசின் என்ற வைட்டமின் உடலுக்குக் கிடைக்கிறது, ஆகவே சாதாரண மக்காச்சோள மாவை வாங்காமல் மாசா அரினா என்று எழுதிய மாவை வாங்குங்கள். சூடான டார்டியாவில் கறி, பொடியாக நறுக்கிய வெங்காயம், கொத்தமல்லி, எலுமிச்சைச் சாறு, அவ்வளவே போதும், பாலாடைக்கட்டி தேவையில்லை. மிஞ்சிய கறியைச் சாற்றோடு ஆழமில்லாத பாத்திரத்தில் பரப்பி, 2 மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். மறுநாள் காலையில் முட்டையோடு பொரித்துச் சாப்பிடலாம், வட மெக்சிகோவில் அப்படித்தான் சாப்பிடுகிறார்கள். கேட்ட அனைவருக்கும் நன்றி. வணக்கம்.