கொழும்புப் பிள்ளையின் வெட்டுப்புள்ளி

வணக்கம் நேயர்களே. இலங்கையில் பல்கலைக்கழகத்துக்குப் போக எழுதுகிற உயர்தரப் பரீட்சையின் பெறுபேறு வெளியாகிற இரவு எங்கள் வீட்டுத் தொலைபேசி ஓயாது. முப்பது வருடம் கணிதம் படிப்பித்த குற்றத்துக்காக வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, தெஹிவளை என்று எல்லாப் பக்கமிருந்தும் ஒரே கேள்வி வரும்: "சேர், இவளுக்குக் கெம்பஸ் கிடைக்குமோ?"

"இசட் புள்ளி எவ்வளவு? மாவட்ட நிலை எத்தனை?" என்று நான் திருப்பிக் கேட்பேன். அம்மாமாருக்கு அது கொஞ்சம் ஏமாற்றம்தான். "இரண்டு ஏ, ஒரு பி" என்று சந்தோஷமாகச் சொல்ல வந்தவரிடம் யாரோ தசமத்தைக் கேட்டால் எப்படி இருக்கும்? ஆனால் 75 எடுத்தாலும் 'ஏ'தான், 98 எடுத்தாலும் 'ஏ'தான். அனுமதிக் கணக்கு அந்த எழுத்தைப் பார்ப்பதில்லை.

இசட் புள்ளி என்பது பெரிய மந்திரமில்லை. பிள்ளை ஒரு பாடத்தில் எடுத்த புள்ளியிலிருந்து, அந்தப் பாடத்துக்குத் தோற்றிய எல்லாருடைய சராசரியையும் கழித்து, நியம விலகலால், அதாவது புள்ளிகள் சராசரியிலிருந்து எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்று காட்டும் எண்ணால், வகுக்கிறார்கள். மூன்று பாடத்துக்கும் அப்படிச் செய்து சராசரி எடுக்கிறார்கள். ஓர் உதாரணத்துக்குச் சொல்கிறேன். பௌதிகவியலில் சராசரி 40, விலகல் 15 என்று வையுங்கள். 70 எடுத்த பிள்ளைக்கு 2 கிடைக்கும். சராசரி 55 ஆக உள்ள வேறொரு பாடத்தில் அதே 70க்கு, அதே விலகலுக்கு, 1தான் வரும். கடினமான பாடத்தில் எடுத்த புள்ளிக்கு உரிய மதிப்பு கிடைக்கட்டும் என்றுதான் 2001ஆம் ஆண்டளவில் இந்த முறையைக் கொண்டுவந்தார்கள். அதற்கு முதல் வெறும் மொத்தப் புள்ளிதான்.

சரி, இசட் புள்ளி கையில் இருக்கிறது. அடுத்தது வெட்டுப்புள்ளி. இதைப் பலர் பாஸ் மார்க் மாதிரி, முன்கூட்டியே யாரோ குறித்து வைத்த எல்லை என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது அந்த வருடம் அந்த மாவட்டத்திலிருந்து அந்தக் கற்கைநெறிக்குக் கடைசியாக உள்ளே போன பிள்ளையின் புள்ளி. போன வருடத்தவர்கள் விட்டுப்போன காலடித்தடம், அவ்வளவுதான். ஆகவே ஒரு வருடத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். மூன்று, நான்கு வருட அட்டவணைகளை மேசையில் பரப்புங்கள். எல்லா வருடத்தையும் தாண்டி நிற்கிற பிள்ளை நிம்மதியாகத் தூங்கலாம். சில வருடத்துக்கு மேலேயும் சில வருடத்துக்குக் கீழேயும் நிற்கிற பிள்ளையிடம் "பாதிக்குப் பாதி" என்று நேரே சொல்லிவிடுவது நல்லது.

கொழும்புக்காரருக்கு ஏன் கொஞ்சம் இறுக்கம் என்று கணக்காகவே பார்ப்போமே. பெரும்பாலான கற்கைநெறிகளில் நூறு இடமிருந்தால் 40 அகில இலங்கைத் திறமைக்கு, 55 இருபத்தைந்து மாவட்டங்களுக்கும் சனத்தொகைப்படி, 5 கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அந்தப் பதினாறில் கொழும்பு இல்லை. 2012 கணக்கெடுப்பில் கொழும்பு மாவட்டத்தின் சனத்தொகை ஏறக்குறைய 23 லட்சம், நாடு முழுவதும் 2 கோடி 4 லட்சம். அந்த விகிதத்தில் 55ஐப் பங்கிட்டால் கொழும்புக்கு ஆறு இடம் வரும். ஆறே ஆறு! ஒரு பெரிய பாடசாலையின் ஒரு வகுப்பே அதை நிரப்பிவிடும். ஒரு ஆறுதல் இருக்கிறது: திறமை அடிப்படையில் போகிறவர்கள் இந்த ஆறில் கை வைப்பதில்லை. மேலே நிற்கிற கொழும்புப் பிள்ளைகள் அந்த நாற்பதுக்குள் போகப் போக, ஆறு இடமும் அடுத்த வரிசைக்குத்தான்.

"மன்னாரில் பெரியம்மாட மகன் இவளைவிடக் குறைவு, அவனுக்குக் கிடைச்சிட்டுதே" என்று கேட்பார்கள். கோபம் புரிகிறது. 1970களின் தொடக்கத்தில், தமிழில் எழுதிய பிள்ளைகளிடம் கூடுதல் புள்ளி கேட்டு மொழிவாரியாகத் தரப்படுத்திய கதையைக் கேட்டு வளர்ந்த வீடுகள் நம்முடையவை. மாவட்ட ஒதுக்கீடும் 1974இல் அதே காற்றோடு வந்ததுதான். ஆனால் இன்றைய கணக்கில் மொழி இல்லை. ஒழுங்கான ஆய்வுகூடம் இல்லாமல் இரசாயனவியல் படித்த பிள்ளையையும், பம்பலப்பிட்டியில் மூன்று டியூஷனுக்குப் போன பிள்ளையையும் ஒரே தராசில் நிறுப்பது நியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. இதைக் கேட்டுச் சில பெற்றோர் தொலைபேசியை வைத்துவிட்டும் இருக்கிறார்கள்.

கடைசி நேரத்தில் ஊருக்குப் பதிவை மாற்றலாமா என்றும் கேட்கிறார்கள். மாவட்டத்தைத் தீர்மானிப்பதில் பிள்ளை படித்த பாடசாலைகள்தான் முக்கியம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் எல்லாம் இருக்கிறது. பக்கத்து வீட்டு அங்கிளை விட்டுவிட்டு அதை வாசியுங்கள்.

விண்ணப்பத்தில் விருப்ப வரிசை எழுதும்போது மாத்திரம் பயப்படாதீர்கள். எட்டாது என்று நினைக்கிறதை முதலில் எழுதுவதால் கீழே உள்ளவை கை நழுவிப் போகாது. போக மனமில்லாததை எழுதுவதுதான் ஆபத்து. கிடைத்துப் பதிவும் செய்துவிட்டால், திரும்பச் சோதனை எழுதி வேறொன்றுக்குப் போகிற வழி அடைபட்டுவிடும்.

நானும் ஒருமுறை பிழை விட்டேன். முகாமைத்துவம் கேட்ட ஒரு பிள்ளையிடம், "இசட் புள்ளி காணாது, தனியார் நிறுவனத்தைப் பாருங்கோ" என்று அடித்துச் சொன்னேன். அவளுடைய அப்பா கட்டணத்துக்குக் கடன் கேட்டு அலையத் தொடங்கினார். இடம் கிடைத்த சிலர் பதிவு செய்யாமல் விட, வெற்றிடங்களை நிரப்பும்போது அவளுக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் வந்தது. வெள்ளவத்தையில் இரவு பஸ் ஏற்றிவிட நானும் போனேன். கொழும்பிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. அதற்கு முதல் யாழ்ப்பாணத்துக்கு இரண்டே தரம்தான் போயிருக்கிறாள். "சேர், அங்க போய் நான் கதைச்சா சிரிப்பினமோ?" என்று யன்னலால் எட்டிக் கேட்டாள். இந்த முறை நான் ஒன்றும் கணித்துச் சொல்லவில்லை.