கால்வலி என்று சொல்லி அனுப்பிய சீமாட்டி

அனைவருக்கும் வணக்கம். பதினேழாம் நூற்றாண்டு ரஷ்யாவில் குடும்பம், சபை, அரசியல் என்று மூன்று தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். தனித்தனியாகப் பேசலாம் என்று குறிப்பெடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பிரிக்க வரவில்லை. அதனால் ஒரே ஒரு கல்யாணத்தை வைத்துப் பேசிவிடுகிறேன். அதுவும் அந்தக் கல்யாணத்துக்கு வராத ஒருவரை வைத்து.

1671 ஜனவரி 22. ஜார் அலெக்சேய் மிகாய்லோவிச்சுக்கு இரண்டாவது திருமணம். முதல் மனைவி மரியா மிலோஸ்லாவ்ஸ்கயா இறந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. புதுப்பெண் நத்தாலியா நரீஷ்கினா. அரண்மனைப் பெண்களில் மூத்த வரிசையில் நிற்க வேண்டியவர் ஃபியோதோசியா மொரோசோவா. பாயார் எனப்படும் பெரும் பிரபுக் குடும்பத்து விதவை. வயது நாற்பதைத் தொடவில்லை. சடங்கில் ஜாரின் பட்டங்களை உரக்கச் சொல்ல வேண்டியது அவர்தான். அவர் வரவில்லை. "கால் ரொம்ப வலிக்கிறது, நடக்கவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஜார் நம்பவில்லை. "தெரியும், அவளுக்குத் திமிர் ஏறிவிட்டது" என்றாராம்.

இந்த வசனங்களெல்லாம் அவர் இறந்த பிறகு அவர் தரப்பினர் எழுதிவைத்த வரலாற்றில் வருபவை. பக்தியோடு எழுதியது, கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டும். ஆனால் வராததற்கு அது சொல்லும் காரணம் நுட்பமானது. பட்டங்களைச் சொல்லும்போது ஜாரை "மெய்விசுவாசி" என்று அழைத்தாக வேண்டும், கையை முத்தமிட வேண்டும், அங்கே இருக்கும் ஆயர்களின் ஆசியையும் தட்டிக்கழிக்க முடியாது. அந்த ஒரு சொல்லை அவரால் வாயால் சொல்ல முடியவில்லை.

ஏன் என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1652இல் நிக்கோன் ரஷ்யச் சபையின் தலைமைப் பேராயர் ஆனார். அடுத்த வருடமே சிலுவை அடையாளம் போடும் முறையை மாற்றினார். அதுவரை ரஷ்யர்கள் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் நீட்டி இரண்டு விரலால் போடுவார்கள். கிறிஸ்துவின் இரண்டு இயல்புகளுக்கு அடையாளம் அது. கிரேக்க சபையில் வழங்கியபடி இனி மூன்று விரல் என்றார் நிக்கோன். அல்லேலூயாவை இரண்டு முறை சொன்னதை மூன்றாக்கினார். இயேசுவின் பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டினார். இதற்கா இத்தனை ரகளை என்று உங்களுக்குத் தோன்றலாம், எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால் இரண்டு விரல்தான் சரி என்று 1551இல் மாஸ்கோவில் சபைச் சங்கமே கூடி விதித்திருந்தது. அம்மா கையைப் பிடித்து முதன்முதலில் சொல்லிக்கொடுத்த காரியம், பாட்டன் பூட்டன் அதைச் செய்துதான் மோட்சம் போனார்கள் என்ற நம்பிக்கை. அது தப்பு என்றால் அவர்கள் எங்கே போனார்கள்? நிக்கோன் பிறகு ஜாரோடு பிணங்கி 1666 டிசம்பரில் பதவியை இழந்தார். ஆனால் அவர் கொண்டுவந்த மாற்றங்கள் நிலைத்துவிட்டன, ஜாரும் அவற்றை விடவில்லை. 1667இல் சபைச் சங்கம் பழைய முறைக்காரர்களைச் சபித்து விலக்கியது.

சரி, மொரோசோவா யார்? இங்கே நம் உறவுச் சொற்கள் நன்றாகக் கைகொடுக்கும். அவர் பிறந்த சொக்கோவ்னின் வீடு, முதல் ராணியின் மிலோஸ்லாவ்ஸ்கி வம்சத்துக்கு உறவு. பதினேழு வயதில் கிளேப் மொரோசோவுக்கு வாழ்க்கைப்பட்டார். அவருடைய மூத்தார் போரிஸ் மொரோசோவ், ஜாரை வளர்த்து ஆளாக்கிய ஆசான். 1648இல் ஜார் கல்யாணம் முடிந்த பத்தாம் நாள் இதே போரிஸ், ராணியின் உடன்பிறந்த அன்னாவைக் கட்டிக்கொண்டார். ஜாரும் அவர் ஆசானும் சகலைகள்! ராணியின் சகோதரி நம் மொரோசோவாவுக்கு ஓரகத்தி. அந்த ஊர் அரசியல் இப்படித்தான் நடந்தது. கட்சி கிடையாது, சம்பந்தம்தான். எந்த வீட்டுப் பெண் அரண்மனைக்குப் போகிறாளோ அந்த வீட்டு ஆண்களுக்குப் பதவி. ஆகவே நத்தாலியா மணமேடை ஏறினால் மிலோஸ்லாவ்ஸ்கிகள் இறங்கு முகம், நரீஷ்கின்கள் ஏறு முகம். மொரோசோவாவின் கால்வலியில் இந்த வலியும் இருந்ததா? அவர் வரலாற்றை எழுதியவர் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அவர் வராததை அரசவையில் எல்லாரும் அப்படியும் படித்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

அவரை ஏழைப் பங்காளி என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். 1660களின் தொடக்கத்தில் மூத்தாரும் கணவரும் அடுத்தடுத்து இறந்தார்கள். இரண்டு சொத்தும் ஒரே மகன் இவானுக்கு வந்தது. ஆயிரக்கணக்கான பண்ணையடிமைகளை ஆண்ட கை அது. பழைய முறையின் பெரிய குரலான பாதிரியார் அவ்வகூம் சைபீரியாவிலிருந்து திரும்பி இவர் வீட்டில்தான் தங்கினார். அவர் பின்னாளில் எழுதிய கடிதங்களில் இந்த அம்மாளை வறுத்தெடுக்கிறார். உன் தர்மம் கடலிலிருந்து சிந்தும் ஒரு துளி என்கிறார். பாயார் வீட்டுப் பெண் என்பதால் எங்களைவிட உயர்த்தியா, கடவுள் எல்லாருக்கும் ஒரே வானத்தைத்தானே விரித்தார் என்கிறார். ரஷ்யப் பேச்சு நடையில் அப்படி எழுத அன்றைக்கு ஆள் கிடையாது.

கல்யாணத்துக்குச் சற்று முன்பே மொரோசோவா யாருக்கும் தெரியாமல் துறவு பூண்டுவிட்டார். சொந்தக்காரர்கள் வந்து கெஞ்சிப் பார்த்தார்கள். ர்தீஷ்செவ் குடும்பம் அவருக்கு உறவு. நிக்கோன் பக்கம் சாய்ந்தவர்கள். ஒரே பிள்ளை, ராஜா மாதிரி பிள்ளை, அவனையாவது நினைத்துப் பார் என்றார்கள். இவானைச் சந்தையில் நிறுத்தி என் கண்முன்னே நாய்களை விட்டுக் குதற வைத்தாலும் மாற மாட்டேன் என்று பதில் வந்தது. இந்த இடத்தில் எனக்கு ஒவ்வொரு முறையும் அவர்மேல் கோபம் வரும்.

1671 நவம்பரில் ஓர் இரவு, சுதோவ் மடத் தலைவர் யோவாக்கிம் ஆட்களோடு வந்தார். தங்கை எவ்தோக்கியா, இளவரசர் உருசோவின் மனைவி, அக்காவுக்குத் துணையாக அங்கேயே இருந்தார். சிலுவை எப்படிப் போடுவாய் என்று கேட்டபோது இருவரும் இரண்டு விரலை நீட்டினார்கள். காலில் விலங்கு மாட்டினார்கள். நடந்து வர மாட்டேன் என்று மொரோசோவா படுத்திருந்ததால் நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போனார்கள். மகன் இவான் படிக்கட்டுப் பாதி வரை பின்னாலேயே வந்தான். அம்மாவின் முதுகைப் பார்த்து ஒரு முறை குனிந்து வணங்கினான். அவர் பார்க்கவில்லை. அவன் திரும்பிப் போய்விட்டான்.

பிறகு அவரைப் பனிச்சறுக்கு வண்டியில் ஏற்றிக் கிரெம்ளின் வழியாக இழுத்துப் போனபோது, ஜார் மேலிருந்து பார்ப்பார் என்று எண்ணி, சங்கிலி குலுங்க இரண்டு விரலை உயர்த்திக் காட்டினார். 1887இல் சூரிக்கோவ் வரைந்த பெரிய ஓவியம் அந்தக் கணத்தைத்தான் காட்டுகிறது. மகன் கொஞ்ச நாளில் நோயில் இறந்தான். சொத்தெல்லாம் வேறு பிரபுக்களுக்குப் பங்கு போனது. எவ்தோக்கியாவின் கணவர் வேறு கல்யாணம் செய்துகொண்டார். பிள்ளையை இழந்தவருக்கு அவ்வகூம் சிறையிலிருந்து எழுதினார்: இனி ஜெபமாலையால் அடிக்க உனக்கு ஆள் இல்லை, குதிரையில் போவதைப் பார்க்க ஆள் இல்லை, தலையைத் தடவிக்கொடுக்கவும் ஆள் இல்லை. திட்டியவரும் அவர்தான்.

ஜாரின் அக்கா இரினாவே, போரிஸ் செய்த சேவையை மறந்துவிட்டு ஒரு விதவையை ஏன் படுத்துகிறாய் என்று தம்பியிடம் வாதாடிப் பார்த்தார். பலிக்கவில்லை. சித்திரவதைக்குப் பிறகு அக்காள், தங்கை, ஒரு படைத் தலைவரின் மனைவியான மரியா தனீலோவா மூவரையும் பொரோவ்ஸ்க் ஊரில் மண் குழிக்குள் அடைத்துப் பட்டினி போட்டார்கள். 1675 செப்டம்பரில் எவ்தோக்கியா இறந்துபோனார்.

கடைசி நாட்களில் மொரோசோவா காவல்காரனைக் கூப்பிட்டு ஒரு ரொட்டி கேட்டார். பயமாக இருக்கிறது அம்மா என்றான். சரி, ஒரு காய்ந்த ரொட்டித் துண்டு? முடியாது என்றான். ஓர் ஆப்பிளோ வெள்ளரிக்காயோ? அதுவும் இல்லை. அவர் வற்புறுத்தவில்லை. அப்புறம் ஒரு நாள் தன் உள்ளாடையைக் கொடுத்து, அழுக்குத் துணியோடு மண்ணுக்குள் போகக் கூடாது, ஆற்றில் அலசிக் கொண்டு வா என்றார். அதை அவன் செய்தான். துணியைத் தண்ணீரிலும் முகத்தைக் கண்ணீரிலும் அலசினான் என்று எழுதியிருக்கிறது. நவம்பர் தொடக்கத்தில் அவர் இறந்தார். மூன்று மாதம் கழித்து ஜாரும் இறந்தார்.

அந்தக் கல்யாணத்துக்கு ஒரு பிள்ளை பிறந்தது, 1672இல். அவர்தான் பின்னாளில் மகா பீட்டர். மொரோசோவாவின் தம்பி அலெக்சேய் சொக்கோவ்னின் 1697இல் பீட்டருக்கு எதிரான சதியில் பிடிபட்டார். தலையை வெட்ட மேடை போட்டார்கள். அதற்கு முன்பு, பன்னிரண்டு வருடத்துக்கு முன் செத்துப்போன, முதல் ராணியின் வம்சத்து இவான் மிலோஸ்லாவ்ஸ்கியின் சவப்பெட்டியைத் தோண்டி எடுத்து, பனிச்சறுக்கு வண்டியில் வைத்து, பன்றிகளைப் பூட்டி இழுத்து வந்து, மேடைக்குக் கீழே திறந்து வைத்தார்கள். மேலே வெட்டுப்பட்டவர்களின் ரத்தம் கீழே அந்தப் பிணத்தின்மேல் சொட்டியது.